திரிப்பஞ்சும் பதினேழாம் ஃபேடரும்

புதிதாக ஒலித் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

கொம்பனியின் ஒன்றுகூடலுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். “உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோ அண்ணை” என்று கேட்டார்கள். உங்களில் எத்தனை பேருக்கு இதை வாசிக்க வரும் என்று எண்ணிப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்றபோது எங்கள் ஒலி வாடகைக் கொம்பனியில் பதினொரு தமிழ்ப் பிள்ளைகள் இருந்தீர்கள். தமிழ் வாசிப்பவர்கள் மூன்று பேர். மற்ற எட்டுப் பேரும் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாமாரை நினைத்தே தொழிற்சொற்களைக் குறைத்து எழுதுகிறேன்.

ஒலி கலக்கும் மேசையில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை நான் சொல்லித் தரப்போவதில்லை. கொம்பனி புது மேசை வாங்கும்போது அது மாறிவிடும். ஒரேயொரு இசைக்குழுவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். என் வேலை வாழ்க்கையில் ஆயிரத்துச் சொச்சம் நிகழ்ச்சி செய்திருப்பேன். அரங்கேற்றம், கலியாணம், கோயில் திருவிழா, ரொக், எல்லாம் அதற்குள் அடக்கம். இப்போதும் காதுக்குள் கேட்பது இவர்களுடைய சத்தம் மட்டும்தான்.

லண்டனுக்கு வருவதற்கு முன் நான் ஜேர்மனியில் சில வருஷம் அகதியாக இருந்தவன். பௌதிகவியல் படித்துவிட்டு அங்கே ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன். அந்தக் கோப்பைகளோடு வந்த ஜேர்மன் மொழி என்னை விட்டுப் போகவில்லை. அதனால் ஜேர்மன்காரர் யாரும் லண்டனில் வாசிக்க வந்தால் கொம்பனி என்னைத்தான் அனுப்பும். இந்தக் குழு பன்னிரண்டு ஒக்டோபர்கள் வந்தது. பன்னிரண்டிலும் மேசையில் நான்தான் இருந்தேன்.

மேடையில் ஆறு பேர். கிற்றார், பேஸ், டிரம்ஸ் எந்த ரொக் குழுவிலும் இருக்கும். அவற்றோடு ஒரு பிடில், ஒரு தோல்பைக் குழல், ஒரு சக்கர வாத்தியம். பாடுவது அவர்களுடைய ஊர்ப் பக்கத்துப் பழைய பாட்டுகள்: நூல் நூற்கிற பெண்களின் பாட்டு, போருக்குப் பிடித்துக்கொண்டு போன பெடியன்களின் பாட்டு, அறுவடைப் பாட்டு, குடிகாரர் பாட்டு. எங்கள் ஊர் வசந்தன் கூத்துப் பாட்டை மின்சாரக் கிற்றாரோடு சேர்த்து, நெஞ்செலும்பு அதிரும் ஸ்பீக்கரில் போட்டால் எப்படியிருக்கும்? அப்படி. கேட்க வருகிறவர்கள் கறுப்பு உடுப்புப் போட்டு, இடுப்பில் மாட்டுக்கொம்புக் குவளை தொங்கவிட்டிருப்பார்கள். பார்த்தால் பயமாக இருக்கும். அடுத்த நாள் வங்கியில் வேலைக்குப் போகிற பிள்ளைகள்தான்.

சக்கர வாத்தியத்தைச் சொல்லவேண்டும். ஜேர்மன்காரர் அதை ட்ரேலையர் என்பார்கள். மடியில் வைத்து வாசிப்பது. வலக்கையால் ஒரு கைபிடியைச் சுற்ற, உள்ளே ஒரு மரச் சக்கரம் சுழன்று தந்திகளை உரசும். இடக்கை கட்டைகளை அழுத்தி இராகத்தை எடுக்கும். சில தந்திகள் சும்மா ஒரே சுருதியில் நின்றுகொண்டிருக்கும், நாதஸ்வரத்துக்கு ஒத்துப் போல. இன்னொரு தந்தி, வீணையில் போல, ஒரு சின்ன மரக் குதிரையில் ஏறி நிற்கும். அந்தக் குதிரையின் ஒரு கால் தளர்வாக இருக்கும். மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் அந்தக் கால் பலகையில் அடித்துக் ‘கர்ர்’ என்னும். தாளம் அதுதான். ஒரே கை சுருதியும் போடும், தாளமும் போடும்.

அதை வாசித்தவர் ஹில்டே. குழுவின் தலைவரும் தோல்பைக் குழல்காரருமான கார்லின் அக்கா. நரைமுடியைப் பின்னி வலப்பக்கம் விட்டிருப்பார். குழுவில் எல்லோரும் என்னைச் சிவா என்பார்கள். அவர் மட்டும் ‘ஹெர் சிவா’ என்பார். சிவா ஐயா என்கிற மாதிரி.

முதல் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். ஒலிச்சோதனையில் ஸ்பீக்கரில் ‘கர்ர், கர்ர்’ என்று ஒரு சத்தம். எங்கோ மின்சாரம் கசிகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். ஒன்பது கேபிள் மாற்றினேன். இரண்டு பிளக் மாற்றினேன். மண்டபத்து விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னேன். பாரில் இருந்த குளிர்சாதனப் பெட்டியின் வயரையும் பிடுங்கினேன். சத்தம் போகவில்லை. ஹில்டே மேடையில் இருந்து கைபிடியைச் சுற்றிக்கொண்டே, நான் ஓடுகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடைக்கடியில் நான் தவழ்ந்து போனபோது குனிந்து கேட்டார்.

அவர்கள் பேசிய ஜேர்மனை எனக்கு வரும் தமிழில்தான் எழுதுகிறேன். வெள்ளைக்காரி யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறா என்று சிரிக்கவேண்டாம்.

“ஹெர் சிவா, அங்கை என்ன தேடுறியள்?”

“ஒரு பழுது, அம்மா. ஒரு கரகரப்பு வருது. இப்ப பிடிச்சிடுவன்.”

“இதோ?” கையை ஒரு வெட்டு வெட்டினார். கர்ர். “இது பழுதில்லை. இது நான்.”

தம்புராவில் தந்திக்கடியில் ஒரு நூலைச் செருகி, வேண்டுமென்றே அந்த இரைச்சலை வரவழைப்பதைச் சின்ன வயதில் இருந்து பார்த்தவன் நான். தொழிலுக்கு வந்ததும் இரைச்சல் என்றால் பழுது என்று ஆகிவிட்டது. சத்தத்தைத் தேடிக்கொண்டு ஓடுவதற்கு முன் வாசிக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு ஒன்பது கேபிள் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாம் வருஷம்தான் பஞ்சு. சக்கரம் தந்தியை நேராக உரசினால் கீச்சிடும். அதனால் தந்தியில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றவேண்டும். அந்த முறை அவர் கொண்டுவந்த பஞ்சு முடிந்துவிட்டது. நிகழ்ச்சி நடந்த வால்தம்ஸ்டோவில் இரண்டு மருந்துக்கடைக்கு ஓடி வாங்கி வந்தேன். சுற்றிய உடனேயே பிய்ந்து தூசாகப் பறந்தது. அவர் முகம் வாடிப் போனதைப் பார்த்ததும் வேனில் கிடந்த பை நினைவுக்கு வந்தது. மனைவி காலையில் வாங்கி வரச் சொன்ன விளக்குத் திரிப்பஞ்சு. வெம்பிளிப் பூசைச்சாமான் கடையில் எடுத்தது, அசல் நீள இழைப் பஞ்சு. ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அவர் ஓர் இழையை இழுத்தார், விரலில் முறுக்கினார், தந்தியில் சுற்றினார், கைபிடியைச் சுற்றிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“இது எங்கை விக்கிறது?”

“எங்கடை கடையளிலை. சாமி விளக்கு எரிக்கிறதுக்கு.”

“அப்ப சாமிக்கு இண்டைக்கு இருட்டுத்தான்” என்றார்.

அன்று முதல் ஒவ்வொரு ஒக்டோபரும் ஒரு பக்கெற் கொண்டுபோனேன். வீட்டில் இதற்கு வழக்கமாக ஒரு பகிடி.

“ஜேர்மன்காரி வாறா போலை கிடக்கு. ஐயா பஞ்சு வேண்டப் போறார்.”

“வேலைக்கப்பா.”

“ஓமோம், வேலைக்குத்தான். எனக்கு இந்த முப்பது வருஷத்திலை ஒரு பூ வேண்டித் தந்திருக்கிறியளே? அவவுக்கெண்டா பஞ்சு.”

சொல்லிவிட்டுக் குழுவுக்கென்று மட்டன் ரோல் சுற்றிக் கட்டித் தருவதும் அவதான்.

இப்போது பதினோராம் வருஷத்துக்கு வருகிறேன். வால்தம்ஸ்டோவில் ஒரு பழைய மண்டபம். பின்னேரம், பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். நாற்பத்திரண்டு பெட்டி. முந்திய வருஷம் நாற்பத்தொன்று. கூடிய ஒன்று என்னவாக இருக்கும் என்று எனக்கு மண்டை குடைந்துகொண்டிருந்தபோது கார்ல் என் முழங்கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

“சிவா, ஹில்டேக்கு மாசியிலை ஒரு சின்ன ஸ்ட்ரோக் வந்தது. கதை பேச்செல்லாம் சரி. வலக்கை மணிக்கட்டுத்தான் பிந்துது.”

“கடவுளே. சுத்த ஏலுதோ?”

“சுத்துறா. தாளத்திலை நிக்கிறா இல்லை. போன மாசம் எங்கடை ஊரிலை ஒருத்தன் வீடியோ எடுத்துப் போட்டிட்டான். அதுக்குக் கீழை சனம் எழுதினதை நீர் வாசியாதையும்.”

“அவ பாத்தவவோ?”

“அவவிட்டை அந்தமாதிரிப் போன் இல்லை. நல்ல காலம்.”

அதற்குப் பிறகு அந்தக் கூடிய பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொன்னார். ஒரு மடிக்கணினி. அதில், முன்பு ஸ்டூடியோவில் பதிந்த ஹில்டேயின் வாசிப்பு, பாட்டுக்குப் பாட்டு.

“உம்மடை மேசையிலை பதினேழிலை அவ. பதினெட்டிலை பதிவு. பதினேழை மூடும். பதினெட்டைத் திறவும். அவவின்ர காதுக்கு அவவின்ர சத்தம் போகட்டும். சனத்துக்கு மற்றது.”

அம்மாமாருக்கு: மேசையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஏற்றி இறக்கும் ஒரு குமிழ் உண்டு. அதுதான் ஃபேடர். கீழே இழுத்தால், அந்த ஆள் மேடையில் தலைகீழாக நின்று வாசித்தாலும் சபைக்குக் கேட்காது. அந்த ஆளுக்கும் அது தெரியாது.

“அவவுக்குச் சொல்லுவீரோ?”

“சொன்னா மேடை ஏறமாட்டா. இது அவவின்ர கடைசிப் பயணம், சிவா. சனம் சிரிக்க நான் விடமாட்டன்.”

கார்ல் வஞ்சகன் இல்லை. வஞ்சகன் கேட்டிருந்தால் எனக்கு லேசு, முடியாது என்றிருப்பேன். இவர் பாசத்தில் கேட்கிறார். அந்தக் குமிழை இழுப்பதற்குக் கால் நொடி போதும். ஒருவருக்கும் தெரியாது. ஹில்டே சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்.

இப்படியான இடத்தில் ஓம் என்றோ இல்லை என்றோ வேனுக்குப் பின்னால் நின்று சொல்லாதீர்கள். “முதல்லை ஒருக்கா அவவைக் கேக்கிறன், காதாலை” என்றேன். பஞ்சுப் பக்கெற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மேடையில் அவர் தனியாக இருந்தார். முன்பு இரண்டு கையாலும் சுற்றும் பஞ்சை இப்போது இடக்கையாலும் உதட்டாலும் சுற்றினார். நான் மண்டபத்தின் நடுவில் போய் நின்று கேட்டேன். மெதுவாகத்தான் வந்தது. தொடையில் தட்டி எண்ணினேன். ஒவ்வொரு கர்ருக்கும் இடையில் அதே தூரம். பிந்தவில்லை. பிந்துவதற்கு அவருக்கு முன்னால் ஒருவரும் போய்க்கொண்டிருக்கவில்லை.

கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஹெர் சிவா, உள்ளதைச் சொல்லுங்கோ. அங்கையிருந்து கேட்டா நான் எப்பிடி?”

“இப்ப நல்லாயிருக்கு.”

“பாட்டுக்குள்ளை?”

“பிந்துறியள் எண்டு கேள்விப்பட்டன்.”

“பிந்துறன்தான்.” காதில் செருகும் குட்டி ஸ்பீக்கரைத் தூக்கிக் காட்டினார். “உதுக்குள்ளை ‘டிக் டிக்’ எண்டு ஒரு சாமான் ஓடுது. கலைச்சுப் பிடிக்கப் போனா என்ர கை தடக்குப்படுது.”

“கலைக்காமல் விட்டா?”

“அஞ்சு பேர் அதோடை ஓடேக்கை நான் மட்டும் எங்கை நிக்கிறது?”

இந்த டிக் டிக்கை நாங்கள் கிளிக் என்போம். நாலைந்து வருஷமாகவே அந்தக் குழுவில் எல்லோர் காதிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. கணினியில் இருந்து வரும் பின்னணிக் குரல்களும் மேடை விளக்குகளும் அதோடு சேர்ந்துதான் ஓடும். கார்ல் கொண்டுவந்த பதிவும் அப்படித்தான். கிளிக் இல்லையென்றால் பதிவும் இல்லை.

டிரம்ஸ்காரர் ரால்ஃப் மேடைக்குப் பின்னால் மட்டன் ரோலோடு இருந்தார். பன்னிரண்டு கொண்டுபோனேன், அப்போதே ஐந்துதான் மிச்சம். ஆள் ஆறரை அடி உயரம். ஒரு வருஷத்துக்குச் சேர்த்து இருபது வார்த்தை பேசினால் அதிகம்.

“ரால்ஃப், கிளிக் இல்லாமல் வாசிப்பீரோ?”

“எத்தினை பாட்டு?”

“முழுக்க.”

மெல்லுவது நின்றது. “ஏலுமோ தெரியாது. ஆரைப் பாத்து அடிக்கிறது?”

“ஹில்டேயின்ர கையை.”

அவர் அந்த ரோலைத் தின்று முடிக்கும்வரை யோசித்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். “அப்ப டிரம்ஸைத் திருப்பவேணும். நான் இருக்கிற இடத்திலையிருந்து அவவின்ர முதுகுதான் தெரியுது.”

கார்ல் மேசைக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது.

“விளங்கித்தான் செய்யிறீரோ? கிளிக்கை எடுத்தா பதினெட்டு உதவாது. நடுவிலை அவவின்ர கை நிண்டா உம்மாலை ஒண்டும் செய்ய ஏலாது.”

“ஓம். ஒண்டும் செய்ய ஏலாது.”

“நீர் எங்களுக்கு வேலை செய்ய வந்தனீர்.”

“ஓம். நீர் சொன்னா பதினேழை மூடுறன். ஆனா அங்கை ஏறி, அவவின்ர முகத்தைப் பாத்துச் சொல்லும். அவ ஓமெண்டா எனக்கும் ஓம்.”

ஒரு முறைப்பாடு போனால் கொம்பனி என்னை இனி இந்த வேலைக்கு அனுப்பாது. கார்ல் மேடையைப் பார்த்தார். அங்கே அவருடைய அக்கா உதட்டில் ஒட்டிய பஞ்சைத் துப்பிக்கொண்டிருந்தார்.

“லைட்காரன் கத்தப்போறான்” என்றார் கடைசியில். அதுதான் அவருடைய சம்மதம்.

ரால்ஃப் டிரம்ஸை இழுத்துத் திருப்பத் தொடங்கினார். ஹில்டே நிமிர்ந்தார்.

“என்னடா, கலியாண வீட்டிலை மேசை கதிரை மாத்திறமாதிரி?”

“இண்டைக்குக் கிளிக் இல்லை. உன்னைப் பாத்துத்தான் அடிக்கப் போறன்.”

“அப்ப ரெண்டாம் பாட்டிலை நித்திரை கொண்டிடுவாய்.”

சொல்லிவிட்டுக் காதில் செருகுவதைச் சுருட்டிப் பஞ்சுப் பக்கெற்றுக்குள் போட்டார். தம்பியைப் பார்த்தார். பிறகு மண்டபத்தின் மறு கோடியில் நின்ற என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினேன்.

நிகழ்ச்சி தொடங்குமுன் தலைகளை எண்ணுவது என் பழக்கம். முந்நூற்று எழுபதில் நிற்க விளக்கு அணைந்தது. முதல் பாட்டு வழமையில் எல்லோரும் குதிக்கிற பாட்டு. அந்த வேகத்தில் குதிக்க முடியவில்லை. குதிக்க எழும்பியவர்கள் எங்கே இறங்குவதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒன்பது பேர் பாருக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் பாட்டில் முன்வரிசை ஒரு வழி கண்டுபிடித்தது. குதிப்பதை விட்டுவிட்டுக் காலை ஊன்றி மிதித்தார்கள், நெல் மிதிக்கிற மாதிரி. பலகை நிலம் அதிர்ந்து மேசையில் இருந்த என் தேநீர் தளும்பியது. நான் கோப்பையை எடுத்து நிலத்தில் வைத்தேன். தேநீரை மேசைமேல் வைக்கக்கூடாது என்று உங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

ஐந்தாவது, நூல் நூற்கிறவர்களின் பாட்டு. அதன் நடுவில் ஹில்டேயின் கை நின்றது.

சக்கரம் நின்றால் சுருதியும் நிற்கும். மற்றவர்கள் ஒவ்வொருவராக, தடுமாறித் தடுமாறி நின்றார்கள். மண்டபம் வெறுமையானது. “பற்றரி முடிஞ்சுதோ?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிலர் சிரித்தார்கள். கார்ல் மேடையில் இருந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. என் விரல் பதினேழின்மேல் இருந்தது. இந்தத் தொழிலில் எங்களுக்கு மௌனம் என்றால் விஷம். ஏதாவது ஒன்றைத் திறக்கவேண்டும், ஒரு பாட்டைப் போடவேண்டும், விளக்கை மாற்றச் சொல்லவேண்டும் என்று கை துடிக்கும். எனக்கும் துடித்தது. ஆனால் ரால்ஃப் இரண்டு தடியையும் உயர்த்திப் பிடித்தபடி, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி, ஓர் அவசரமும் இல்லாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பொறுக்கும்போது நான் எதற்கு முந்துகிறேன்?

ஹில்டே கட்டையிலிருந்து இடக்கையை எடுத்தார். அதை வலது மணிக்கட்டின்மேல் வைத்து, இரண்டு கையாலும் கைபிடியைத் தள்ளினார். சக்கரம் அசைந்தது. சுருதி வந்தது. இராகம் எடுக்கக் கை இல்லை, சுருதி மட்டும். பிறகு ஒரு வெட்டு. கர்ர்.

நான் பதினேழை ஒரு விரலகலம் ஏற்றினேன். அன்று நான் செய்த வேலை அவ்வளவுதான்.

அடுத்த கர்ரில் ரால்ஃபின் தடி இறங்கியது. ஹில்டே விட்ட இராகத்தைப் பிடில்காரப் பெண் எடுத்துக்கொண்டாள். முன்வரிசை மறுபடி மிதிக்கத் தொடங்கியது. கத்தியவனும் மிதித்தானா என்று எனக்குத் தெரியாது. இருட்டில் ஆளைப் பிடிக்க முடியவில்லை.

பெட்டிகளை ஏற்றினோம். அந்த நாற்பத்திரண்டாவது பெட்டியை மட்டும் கார்லே தூக்கி, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். ஹில்டே மிச்சப் பஞ்சைக் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

“அடுத்த முறை ரெண்டு பக்கெற் கொண்டு வாங்கோ, ஹெர் சிவா. இந்தக் கைக்கு இப்ப கனக்க வீணாப் போகுது.”

அடுத்த ஒக்டோபர் இரண்டு பக்கெற் கொண்டுபோனேன். அவர் வரவில்லை. கை இனி இரண்டு மணித்தியாலம் தாங்காதாம். அவருடைய இடத்தில் ஓர் இளைஞர். நல்ல வாசிப்பு. காதில் கிளிக் ஓடியது. ஒரு பிழை இல்லை. பதினேழில் நான் கை வைக்கவேண்டிய தேவையே வரவில்லை. ரால்ஃபின் டிரம்ஸ் பழையபடி நேராக நின்றது. பஞ்சு வேண்டுமா என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். தன்னிடம் நல்லது இருக்கிறது, நன்றி என்றார். இரண்டு பக்கெற்றையும் திருப்பிக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு அவர்கள் லண்டனுக்கு வரவில்லை, எல்லைக் கடதாசி வேலையும் செலவும் கூடிவிட்டதாம். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஓய்வு பெற்றவனின் காது கெட்ட காது. வெம்பிளி பார்க் ஸ்டேஷனில் ஜூபிலி ரயில் பிரேக் பிடிக்கும்போது ஓர் இடத்தில் அந்தக் கர்ர் வரும். திரும்பிப் பார்ப்பேன். எங்கள் குளிர்சாதனப் பெட்டி நிற்கும்போது ஒரு தரம் வரும். பழுது பார்க்க ஆளைக் கூப்பிடலாம் என்று மனைவி சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டேன். ஒக்டோபர் வந்தால் பூசைச்சாமான் கடைக்குப் போவேன்.

“அங்கிள், மற்றாக்கள் ஒரு பக்கெற்றை வருஷக்கணக்கா வைச்சு எரிக்கினம்” என்றாள் கடைப் பிள்ளை. “நீங்கள் வீட்டிலை கோயிலே நடத்திறியள்?”

அலுமாரியில் ஏழு பக்கெற் சேர்ந்துவிட்டது. மனைவி கண்டுபிடித்துவிட்டா.

“ஏழெண்டு வடிவா எண்ணி வைச்சிருக்கிறியள். எனக்கு எத்தினை வயசெண்டு கேட்டா முழிக்கிறியள்.”

“அறுபத்தெட்டு.”

“ஒம்பது” என்றா.

போன மாசம் கார்ல் அழைத்தார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. “அவ வீட்டிலை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சுத்துறா, சிவா. இஞ்சத்தைப் பஞ்சு சரியில்லையாம். உம்மடை சாமிப் பஞ்சுதான் வேணுமாம்.” அடுத்த நாளே ஏழையும் ஒரு பெட்டியில் போட்டுத் தபாலகத்துக்கு எடுத்துப் போனேன். உள்ளே என்ன என்று சுங்கத்துக்கு எழுதவேண்டுமாம். விளக்குத் திரி என்பதா, வாத்தியச் சாமான் என்பதா என்று யோசித்து யோசித்து, எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது. பஞ்சு என்று எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது, வீடியோ அழைப்பு. திரையில் ஹில்டே. கார்ல் அவருக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதை ஏதோ ஒரு கோப்பையில் சாய்த்து வைத்திருக்கவேண்டும், படம் சரிந்து நின்றது. பின்னல் இப்போது இல்லை, முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். மடியில் வாத்தியம்.

“ஹெர் சிவா! ஏழு பக்கெற்! நான் இன்னும் எத்தினை வருஷம் இருப்பன் எண்டு நினைக்கிறியள்?”

“எண்ணேல்லை” என்றேன். பொய்.

“கார்ல் கடைக்குப் போட்டான். நான் தனிய. கேளுங்கோ, அந்த நூல் நூக்கிற பாட்டு.”

வாசிக்கத் தொடங்கினார். இடக்கை கட்டைகளில் ஓடியது. வலக்கை சுற்றியது. அரை நொடி ஏதோ ஒரு கீற்று வந்து, அறுந்தது. பிறகு ஒன்றுமில்லை. சுற்றுகிறார், சத்தமே இல்லை.

எனக்கு உடனே விளங்கியது, உங்களுக்கும் விளங்கும். இந்தப் போன்கள் பேச்சை மட்டும் அனுப்பும்படி செய்யப்பட்டவை. ஒரே சுருதியில் நின்று இரைகிற எதையும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். பதினேழை யாரோ கீழே இழுத்துவிட்டார்கள். இதற்கு ஒரு மாற்று இருக்கிறது என்று சொல்வீர்கள். தெரியும். அது அவருடைய போனுக்குள், மூன்று திரை தள்ளி இருக்கிறது.

மனைவி கை துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்குமேலால் பார்த்தா.

“இஞ்சேருங்கோ, சத்தம் வரேல்லையே. சொல்லுங்கோவன் அவவுக்கு.”

“சொல்லலாம். சொன்னா அவ கையை நிப்பாட்டிப் போனை எடுக்கவேணும். பிறகு திரும்பத் தொடங்கவேணும்.”

அவ திரைக்குக் கிட்டக் குனிந்தா. அந்த மணிக்கட்டையும், அது ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் தயங்கித் தயங்கிப் போவதையும் பார்த்தா. கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு இருந்தா.

“வேண்டாம். சுத்தட்டும்.”

ஹில்டே கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்ப எந்த இடம் போகுது?” மனைவி மெதுவாகக் கேட்டா.

நான் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கைபிடி மேலே ஏறியது. மணிக்கட்டு மடங்கியது.

“பொறும்” என்றேன். “இப்ப கரகரக்கும். இப்ப.”

கைபிடி இறங்கியது. மறுபடி ஏறியது.

“இப்ப.”